இரண்டாம் கூண்டுக் கோழிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் நன்றாக இருக்கிறோம். இதை நீ நம்பலாம். நீ நன்றாக இருப்பதாக எழுதினால் மட்டும் நான் நம்பப்போவதில்லை. அதனால் அந்த வரியை எழுதி மையை வீணாக்காதே. கால் வீக்கம் வடிந்ததா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, படுத்துத் தூங்குகிறாயா, உட்கார்ந்து தூங்குகிறாயா, இதை மட்டும் எழுது.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது. நான் விஷயத்துக்கு வந்த உடனே "சிக்னல் இல்லக்கா" என்கிறாய். எனக்குக் கோபம் வரும் நேரம் உன் சிக்னலுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார். ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு உன்னைக் கட்டிப்போட்டிருக்கும் நேரத்தில் இதைக் கையில் கொடுக்கும்படி உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு கையில்தான் ஊசி. இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது, படி.

முதலில் நல்ல செய்தி. என் கோழிகள் ஜெயித்துவிட்டன.

உனக்கு என் வேலை என்றாலே இளக்காரம். கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய உத்தியோகம் என்று நான் பீற்றிக்கொண்டால், "எங்க அக்கா கோழிக்குக் குடல் தைக்கிற டெய்லர்" என்று எல்லோரிடமும் சொல்வாய். நான் தைப்பதில்லையடா, சீவுகிறேன். செத்த பிராணியின் சிறுநீரகத்தை மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

நீ வேலை பார்த்த பேட்டரித் தொழிற்சாலையின் பின்னால் ஓடும் கால்வாய் ஞாபகம் இருக்கிறதா? அதில் தண்ணீர் குடிக்கும் கோழிகளும் ஆடுகளும் இளைத்து இளைத்துச் சாகின்றன என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் எங்களிடம் கொண்டுவந்தார்கள். அறுத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் சிறுநீரகம் போயிருந்தது. காரணம் காட்மியம் என்கிற உலோகம். நீ தகடு அடுக்கும்போது மூக்கிலும் வாயிலும் ஏறிய அதே தூசுதான். அது உடம்புக்குள் போனால் நேராகச் சிறுநீரகத்தில் குடியேறிவிடும். வாடகையும் தராது, காலியும் செய்யாது.

அதற்கு என்ன செய்யலாம் என்று பார்க்கத்தான் மூன்று கூண்டுகள் கட்டினோம். கூண்டு என்றால் சின்னப் பெட்டி இல்லை, உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். முதல் கூண்டுக் கோழிகளுக்கு நல்ல தண்ணீர். இரண்டாம் கூண்டுக்கு, கால்வாயில் இருக்கும் அளவுக்கே காட்மியம் கலந்த தண்ணீர். மூன்றாம் கூண்டுக்கும் அதே கெட்ட தண்ணீர்தான், ஆனால் தீவனத்தில் ஆரம்பத்திலிருந்தே செலினியம் சேர்த்தோம். செலினியம் மண்ணில் இருக்கும் ஒரு சத்து. சில மண்ணில் இருக்கும், சில மண்ணில் இருக்காது. இருந்தால் தானியத்தில் ஏறும், தானியத்திலிருந்து பிராணிக்குப் போகும். ஒரு மூட்டைத் தீவனத்துக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டாம், அதற்கும் குறைவாகவே போதும்.

இந்த வாரம் ஒவ்வொரு கூண்டிலிருந்தும் சில கோழிகளை எடுத்துப் பார்த்தோம். இரண்டாம் கூண்டுக் கோழிகளின் சிறுநீரகம் பார்க்கச் சகிக்கவில்லை. நுண்குழாய்கள் எல்லாம் வீங்கி உதிர்ந்து கிடந்தன. மூன்றாம் கூண்டு? அதே விஷத் தண்ணீரைக் குடித்த கோழிகள்தான், ஆனால் முதல் கூண்டோடு வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டும். உடம்பில் செலினியம் இருந்தால் காட்மியத்தின் பாச்சா பலிக்காது தம்பி. நான் நாற்காலியை விட்டு எழுந்து சிரித்தேன். எங்கள் கூடத்தின் தலைவி, பெரிய டாக்டரம்மா, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

கோழிகளுக்குத் தீவனம் வைப்பவரைப் பற்றிச் சொன்னேனா? நாங்கள் அவரை மந்திரி என்று கூப்பிடுவோம். யார் என்ன பேசினாலும் நடுவில் புகுந்து ஆலோசனை சொல்வார், அதனால் வந்த பட்டம். பெரிய டாக்டரம்மாவின் குதிகால் வலிக்கு எந்தச் செருப்பு நல்லது என்றுகூடச் சொல்லிவிட்டார். கோழிகளோடு பேசிக்கொண்டேதான் தீவனம் வைப்பார். இரண்டாம் கூண்டு சோர்ந்துபோனதிலிருந்து அவர் முகம் சரியில்லை. "நல்லா இருந்ததுங்களுக்கு நாமளே வெஷம் வெச்சுட்டு, எப்படி இருக்குன்னு எட்டி எட்டிப் பாக்குறோம்" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

இப்போது உன் விஷயம். உன் டாக்டர் என்னிடம் பேசினார். என் ரத்தம் உனக்குப் பொருந்துகிறது, என் சிறுநீரகம் இரண்டும் முதல் தரம், ஒன்றை எடுத்து உனக்கு வைக்கலாம், உன் சம்மதம் ஒன்றுதான் பாக்கி என்கிறார். நீயோ "யோசிச்சு சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டே இருக்கிறாய். என்ன யோசனை? சட்டைத் துணி எடுக்கிறாயா, கலர் பார்க்க? தள்ளிப்போடத் தள்ளிப்போட உன் இருதயத்துக்கு ஆகாது என்கிறார் அவர். சீக்கிரம் பதில் எழுது.

உன் மனைவியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீ உப்பைத் தொடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

*

தம்பிக்கு,

அன்புள்ள என்பதை இந்தக் கடிதத்தில் போடவில்லை. அடுத்ததில் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று உன் மனைவி போனில் பேசினாள். "அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க, இவர் வாயில எப்பப் பாத்தாலும் பூண்டு வாசனை அடிக்குது, வீட்ல பூண்டே வாங்கல" என்றாள். முடி கொட்டுகிறதா என்று கேட்டேன், தலையணை எல்லாம் முடி என்றாள். நகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து உடைகிறது என்றாள். உன் சட்டைகளுக்கு அடியில் தேடிப் பார்க்கச் சொன்னேன். பாட்டில் கிடைத்தது.

செலினியம் மாத்திரை. என் கடிதம் வந்ததிலிருந்து இத்தனை வாரமாக, பாட்டிலில் எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு விழுங்கியிருக்கிறாய். கேட்டதற்கு, "அக்காவே எழுதியிருக்கா, காட்மியம் பாச்சா பலிக்காதுன்னு. கோழிக்கு சரியானது எனக்கு ஆகாதா? இப்பவே எனக்குத் தெம்பா இருக்கு" என்று சொன்னாயாம். அதோடு விட்டாயா? டாக்டரிடம் போய், அறுவை சிகிச்சைப் பேச்சே இப்போதைக்கு வேண்டாம், இந்த மருந்து வேலை செய்கிறதா பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வேறு சொல்லியிருக்கிறாய். என்ன மருந்து என்று அவர் கேட்டதற்கு, சத்து மாத்திரை என்று மழுப்பினாயாம். என் வாயால் வந்த நல்ல செய்தியை எடுத்து உன் கழுத்துக்குச் சுருக்குப் போட்டுக்கொண்டாய். இதைக் கேட்டு எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

நன்றாகக் கேட்டுக்கொள். செலினியம் மிகக் கொஞ்சமாக இருந்தால்தான் சத்து. கொஞ்சம் கூடினால் அதுவே விஷம். கூடிப்போனதை உடம்பிலிருந்து வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். உன்னுடையது படுத்துக்கிடக்கிறது. அப்புறம் நீ விழுங்கியதெல்லாம் எங்கே போகும்? உன் வாயில் அடிக்கும் அந்தப் பூண்டு வாசனைதான் உன் உடம்பு போடும் கூச்சல். பாட்டிலை உன் மனைவி எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் வைத்துவிட்டாள். நான்தான் வைக்கச் சொன்னேன். அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. தூக்கி வைத்தே தீர வேண்டும் என்றால் என்னிடம் வை.

என்னைச் சோதிக்கவென்றே எங்கள் கூண்டிலும் இந்த வாரமே குழப்பம். பட்ட காலிலே படும் என்பார்கள், சரியாகத்தான் சொன்னார்கள்.

இரண்டாம் கூண்டுக் கோழிகள் திடீரென்று எழுந்து நடக்க ஆரம்பித்தன. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தவை, கொண்டை சிவந்து, மண்ணைக் கிளற வந்துவிட்டன. குடிப்பது அதே கெட்ட தண்ணீர். எப்படித் தேறின என்று யாருக்கும் புரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால், இருக்கவே கூடாத அளவுக்குச் செலினியம் அதில் இருக்கிறது. இந்த வேலை ஒரே ஒருவரால்தான் நடந்திருக்கும். பெரிய டாக்டரம்மா மந்திரியைக் கூப்பிட்டார்.

மனிதர் மறைக்கவே இல்லை. முதல் தடவை அறுத்துப் பார்த்தோமே, அதற்கு மறுநாளிலிருந்து மூன்றாம் கூண்டுத் தீவனத்தை அள்ளி இரண்டாம் கூண்டுக்கும் வைத்திருக்கிறார். "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு வைக்க எனக்கு மனசு வரலம்மா. மருந்து மூட்டை பக்கத்துலயே இருக்கு, அதுங்க செத்துக்கிட்டு இருக்குதுங்க. நான் என்ன கல்லா?" என்றார். ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் இருந்தால்தானே சோதனை என்று டாக்டரம்மா கத்தினார். "அது உங்களுக்குச் சோதனை, அதுங்களுக்கு உசுரு" என்றார் மந்திரி. நானும் என் பங்குக்கு அவரைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில், என்னை வேண்டுமானால் திட்டுங்கள், கோழிகளுக்கு இன்றைக்குத் தீவனம் வைக்க விடுங்கள் என்றார்.

சோதனை பாழ், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்பது டாக்டரம்மாவின் முடிவு. நான் தூக்கிப் போட விடவில்லை. உன் மனைவியின் போன் வந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. முதலிலிருந்தே செலினியம் கொடுத்தால் காப்பாற்றும் என்று பார்த்துவிட்டோம். சிறுநீரகம் கெட்ட பிறகு கொடுத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மந்திரி தெரியாத்தனமாக அதைத்தான் செய்து வைத்திருக்கிறார். நீயும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். அந்தக் கோழிகளின் சிறுநீரகத்தை எனக்குக் கொடுங்கள், நான் சீவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ நினைப்பது சரியாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அந்தக் கோழிகள் தேறியிருந்தால், எல்லோருக்கும் முன்னால் நான் தோற்றேன் என்று உனக்குத் தந்தி மாதிரி ஒரு வரி எழுதுவேன். என்ன பார்த்தேனோ அதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதுவரை ஒரு மாத்திரை தொட்டாயானால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

அக்கா

*

அன்புள்ள, அன்புள்ள தம்பிக்கு,

பாக்கி வைத்ததையும் சேர்த்துப் போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று உன் மனைவி சொன்னாள். ரத்தத்தில் செலினியம் மெல்ல இறங்குகிறது, நல்லவேளை சீக்கிரம் தெரிந்தது என்று டாக்டரும் சொன்னார். முடி திரும்ப முளைக்கும். முளைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீ ஒன்றும் பெரிய மன்மதன் இல்லை.

சீவிய சிறுநீரகத் துண்டுகளைக் கண்ணாடியில் ஏற்றிப் பார்த்துவிட்டேன். முதல் தடவை எடுத்த இரண்டாம் கூண்டுத் துண்டுகளை ஒரு பக்கமும், மந்திரி செலினியம் வைத்த பிறகு எடுத்ததை ஒரு பக்கமும், மூன்றாம் கூண்டுடையதை நடுவிலும் வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழவில்லை. மாறாக இருக்காதா, மாறாக இருக்காதா என்று திரும்பத் திரும்பச் சாயம் ஏற்றிப் பார்த்தேன்.

தம்பி, செத்த இடம் செத்த இடமாகவே இருக்கிறது. கெடாமல் மிச்சம் இருந்த பகுதி மேற்கொண்டு கெடுவது கொஞ்சம் நின்றிருக்கிறது, அது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உதிர்ந்த குழாய்கள் உதிர்ந்தவைதான். அந்த இடத்தில் வடு ஏறிக் கெட்டியாகிவிட்டது. கொண்டை சிவந்ததும் மண்ணைக் கிளறியதும் வெளியே தெரிந்த தெம்பு. உள்ளே ஒன்றும் திரும்பி வரவில்லை. செலினியம் வீட்டுக்குத் தீ வைக்க வருகிறவனை வாசலிலேயே மடக்கும் காவல்காரன். எரிந்து முடிந்த வீட்டைக் கட்டித் தருகிற கொத்தனார் இல்லை.

இது கொஞ்சம் கோழிகளை வைத்துப் பார்த்தது, உலகத்துக்கே சட்டம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். சரிதான். அதனால் உன் டாக்டரையும் கூப்பிட்டுக் கேட்டேன். உன் சிறுநீரகத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்தச் சத்தாவது அதை எழுப்புமா என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவரும் சுற்றி வளைக்காமல் சொன்னார். எழுப்பாது. என்ன சொன்னார் என்பது உனக்கும் தெரியும், உன்னிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். உனக்குத் தெரிந்துதான் அந்த மாத்திரைகளை விழுங்கினாய் என்று நினைக்கிறேன். மாத்திரையில் நம்பிக்கை வைத்தால் என் உடம்பில் கத்தி வைக்க வேண்டாமே என்று கணக்குப் போட்டிருக்கிறாய்.

உன் காரணங்களை எல்லாம் உன் மனைவி சொல்லிவிட்டாள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆகலாம். ரோட்டைக் கடக்கும்போதும் ஆகலாம். ஒரு சிறுநீரகத்தோடு பிறந்து, அது தெரியாமலே கிழவியாகி வாழ்ந்தவர்கள் உண்டு என்று டாக்டர் சொன்னார். என்னை மேலிருந்து கீழ்வரை சோதித்து, கொடுக்கலாம் என்று சொன்னதும் அவர்தான். மாமாவைக் கேட்டாயா என்றால், கேட்டேன். "ஒரு சிறுநீரகம் போனாலும் உன் வாய் போகாதே, அப்புறம் எனக்கென்ன பயம்" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, எனக்கு எத்தனை நாள் விடுப்பு வேண்டும், தானும் கூட வரலாமா என்று கேட்டார். அவர் சம்மதம் இப்படித்தான் இருக்கும், உனக்கே தெரியும்.

அக்கா எனக்காகத் தியாகம் செய்வதா? யாரடா தியாகம் செய்தது? சின்ன வயதில் உன் பங்கு மிட்டாயையும் தின்றுவிட்டு, நீதான் தின்றாய் என்று உன்னை மாட்டிவிட்டவள் நான். தியாகிப் பட்டத்துக்கு வேறு ஆளைப் பார். நீ இருக்க வேண்டும் என்பது என் ஆசை, அதுவும் முழுக்க என் சுயநலம். எனக்குச் சண்டை போட வேறு தம்பி இல்லை.

கெட்ட வேலைக்குப் போனது நான், அனுபவிக்க வேண்டியதும் நான்தானே என்றாயாம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்தத் தூசை உன் மூக்கில் நீயா அள்ளிப் போட்டுக்கொண்டாய்? முகமூடி கேட்டதற்கு, கைக்குட்டையைக் கட்டிக்கொள் என்றார்களே, அவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் தூங்குகிறார்கள். கால்வாய்க் கோழிகள் பாவம் செய்தா அந்தத் தண்ணீரைக் குடித்தன? கெட்டது தண்ணீர், கோழி இல்லை. எங்கள் முடிவுகளை டாக்டரம்மா மேலதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டார். தொழிற்சாலைக் கழிவு கால்வாயில் விழுவதை நிறுத்தும்வரை நான் அதை விடப்போவதில்லை. அதற்கு எனக்குப் பக்கத்தில் நின்று சாட்சி சொல்ல நீ வேண்டும்.

மந்திரியின் வேலை போகவில்லை. போக விடவில்லை. முதலிலிருந்தே கொடுத்தது, கெட்ட பிறகு கொடுத்தது என்று இரண்டையும் ஒழுங்காகப் பிரித்துப் புதுக் கோழிகளோடு மறுபடியும் செய்யப்போகிறோம். இந்தத் தடவை மூட்டைக்குப் பூட்டு. "மூட்டைக்குப் பூட்டு போட்டுட்டீங்க, மனசுக்கு என்ன போடுவீங்க" என்று கேட்கிறார். உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்வதாகவும், காலைத் தொங்கவிட்டு உட்காராமல் பலகைமேல் வைக்க வேண்டும் என்றும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

விடுப்பு எடுத்தாகிவிட்டது. பை கட்டியாகிவிட்டது. உன் டாக்டர் நாள் குறிக்கத் தயார். நீ ஒருவன் சரி என்றால் நானும் மாமாவும் ரயில் ஏறுகிறோம். தம்பி, நான் நாளெல்லாம் கெட்டுப்போன சிறுநீரகங்களைப் பார்க்கிறேன். காலம் கடந்து வந்தவற்றை மட்டுமே என் மேஜைக்கு அனுப்புகிறார்கள். நீ அந்த வரிசையில் இல்லை. இன்னும் நேரம் இருக்கிற ஆள் நீ, என்னிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது, இதற்கு மேல் எனக்கு எப்படிக் கெஞ்சுவதென்று தெரியவில்லை.

"வாக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. எழுதக் கை வராவிட்டால் வெறும் தாளை உறையில் போட்டு அனுப்பு. அதையும் நான் "வாக்கா" என்றே படித்துக்கொள்வேன்.

நீ நெடுநாள் இருக்க வேண்டும்,
உன் அக்கா